ஜெட்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்: இந்த ஏப்ரலில் குவார்ட்டர்பேக் வேண்டாம்

நியூயார்க் ஜெட்ஸ் அணியின் உரிமையாளர் திரு. வுடி ஜான்சன், பொது மேலாளர் திரு. டேரன் மூகி, தலைமைப் பயிற்சியாளர் திரு. ஏரன் கிளென் ஆகியோருக்கு,

வணக்கம்.

பிப்ரவரி 8ஆம் தேதி சான்டா கிளாராவில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சியாட்டில் 29, நியூ இங்கிலாந்து 13. ஜெயித்த அணியின் குவார்ட்டர்பேக் சாம் டார்னோல்ட். 2018 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக நம் அணி எடுத்த அதே பையன். மூன்று சீசன் வைத்திருந்துவிட்டு, இவன் தேறமாட்டான் என்று கரோலினாவுக்குத் தள்ளிவிட்டோம். எதிரில் ஆடியதோ நம் பிரிவிலேயே இருக்கும் பேட்ரியாட்ஸ். யார் ஜெயித்தாலும் ஜெட்ஸ் ரசிகருக்கு வயிறு எரியும் என்று கணக்குப் போட்டு அமைத்தது போன்ற ஆட்டம்.

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். உங்கள் பெயரில் நியூயார்க் இருந்தாலும் மைதானம் எங்கள் ஊர்ப்பக்கம், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில்தான் இருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இங்கே உங்கள் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைக்கிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் நாங்கள் புலம்புவதை யாராவது உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். தாக்குதலின்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் போய்ச் சேருவது குவார்ட்டர்பேக் கைக்கு. இரண்டரை, மூன்று விநாடிக்குள் எதிரணியின் அமைப்பைப் படித்து, யாருக்கு எறிவது, எறியாமல் ஓடுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். அதுவரை அவர் மீது யாரும் பாயாமல் தடுக்க முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையைத்தான் லைன் என்கிறோம். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களைப் பங்கு பிரிக்கும் நாள். சுற்றுச் சுற்றாக எடுப்பார்கள், போன சீசனில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம்.

நாம் 3-14 என்று, அதாவது 3 வெற்றி, 14 தோல்வியோடு முடித்தோம். அதனால் ஏப்ரல் 23ஆம் தேதி பிட்ஸ்பர்கில் தொடங்கும் டிராஃப்டில் இரண்டாவது இடம் நமக்கு. இப்போது ஊரெல்லாம் ஒரே கேள்வி: அடுத்த குவார்ட்டர்பேக் யார்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு டிராஃப்டில் முதல் சுற்றில் குவார்ட்டர்பேக் எடுக்காதீர்கள். ஒரு சீசனுக்கு யாராவது மூத்த ஆளைக் குறைந்த சம்பளத்தில் பிடித்துப் போடுங்கள். உண்மையான ஆளை 2027இல் எடுங்கள். எடுத்த பிறகு அவரை உடனே களத்தில் இறக்காமல் உட்கார வையுங்கள்.

நம் பிரச்சினை ஆள் பொறுக்கத் தெரியாதது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டார்னோல்ட் 2024இல் மின்னசோட்டாவுடன் 14-3, 2025இல் சியாட்டிலுடன் மறுபடியும் 14-3. ஜீனோ ஸ்மித்தை 2013இல் இரண்டாம் சுற்றில் எடுத்தோம். இங்கே அவர் கதை, 2015 ஆகஸ்டில் சொந்த அணிக்காரர் ஒருவரே உடை மாற்றும் அறையில் குத்தித் தாடையை உடைத்ததோடு கிட்டத்தட்ட முடிந்துபோனது. அவர் 2022இல் சியாட்டிலில் எழுந்து நின்று, அந்த ஆண்டின் சிறந்த மீள்வரவு வீரர் விருதை வாங்கினார். ஆக, கண் மோசமில்லை. கை மோசம். நல்ல ஆளைக் கொண்டுவந்து கெடுத்து அனுப்புகிறோம், வேறொருவர் எடுத்துச் சரிசெய்து கோப்பை வாங்குகிறார்.

டார்னோல்ட் கதையையே கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அவரை எடுப்பதற்காக ஆறாவது இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு ஏறினோம். அதற்கு விலையாக ஆறாவது இடத்தோடு மூன்று இரண்டாம் சுற்று வாய்ப்புகளையும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கொடுத்தோம். அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? ஆறாவது இடத்தில் குவென்டன் நெல்சனை எடுத்தார்கள். நாம் கொடுத்த 37ஆவது இடத்தில் பிரேடன் ஸ்மித்தை எடுத்தார்கள். இரண்டு பேருமே லைன் ஆட்கள். அவர்களுடைய லைனின் வலப்பக்கமும் இடப்பக்கமும் பல ஆண்டுகளுக்கு அப்படியே அமைந்துவிட்டன. நாம் குவார்ட்டர்பேக்கை வாங்கினோம், அவரைக் காப்பாற்றுகிற ஆட்களை விற்று. இதை விட அழகாக நம் அணியின் புத்தியை யாராலும் விளக்க முடியாது.

வந்தவருக்கு வயது 21. நேரே முதல் ஆட்டத்திலேயே இறக்கினோம். டெட்ராய்ட்டில், அவர் எறிந்த முதல் பந்தையே எதிரணி பிடித்துக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தது. அந்த ஆட்டத்தில் 48-17 என்று நாமே ஜெயித்தோம் என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டே பயிற்சியாளர் டாட் போல்ஸ் போய் ஆடம் கேஸ் வந்தார். புது ஆட்டமுறை, புதுச் சொற்கள். 2019 அக்டோபரில் பேட்ரியாட்ஸிடம் 33-0 என்று தோற்ற இரவில், டார்னோல்ட் தனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது மைக்கில் பதிவாகி நாடே கேட்டது. இல்லாத ஆட்களெல்லாம் தன்மேல் பாய்கிற மாதிரித் தோன்றுகிறதாம். 22 வயதுப் பையன். அவர் சொன்னதைச் சிரிப்பாக்கினோம்.

(அந்தக் காலத்தில், ஜான்சன் ஐயா, நீங்கள் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தீர்கள். தம்பி கிறிஸ்டபர்தான் அணியைப் பார்த்துக்கொண்டார். அதனால் முழுப்பழியும் உங்கள் மேல் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.)

பிறகு 2021இல் சாக் வில்சன், இரண்டாவது இடம். அவரையும் முதல் நாளே இறக்கினோம். 12 வெற்றி, 21 தோல்வி, கடைசியில் டென்வருக்குப் பார்சல். அதன் பிறகு, இளைஞர்களே வேண்டாம், பெரிய மனிதரைக் கூப்பிடுவோம் என்று ஏரன் ராஜர்ஸ். 2023 செப்டம்பர் 11, கையில் கொடியுடன் மைதானத்துக்குள் ஓடிவந்தார். நாலாவது முறை பந்து கைக்கு வந்தபோது பஃபலோவின் லெனார்ட் ஃப்ளாய்ட் அவரைக் கீழே தள்ளினார். எழுந்தவர் ஓரிரு அடி வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் உட்கார்ந்தார். குதிகால் நாண் அறுந்துவிட்டது. அவரை விடுவித்து ஓராண்டு ஆகியும், இந்த 2026 சம்பள வரம்பில், அதாவது வீரர்களுக்கு அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையில், அவர் பெயருக்கு 35 மில்லியன் டாலர் கிடக்கிறது. அவரோ போன செப்டம்பரில் பிட்ஸ்பர்க் சட்டையில் நம் மைதானத்துக்கே வந்து நான்கு டச் டவுன் எறிந்து 34-32 என்று ஜெயித்துவிட்டுப் போனார்.

இந்தப் பழக்கம் இப்போது வந்ததுமில்லை. 2008இல் சாட் பென்னிங்டனை வெளியே அனுப்பிவிட்டு பிரெட் ஃபார்வைக் கொண்டுவந்தோம். 8-3 வரை போனோம், 9-7இல் முடிந்தோம். பென்னிங்டன் மயாமிக்குப் போய், சீசனின் கடைசி ஆட்டத்தில் நம்மையே நம் மைதானத்தில் தோற்கடித்துப் பிரிவுப் பட்டத்தை வாங்கினார்.

அந்தப் பென்னிங்டன் கதையை நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் முக்கியக் கோரிக்கை. ஏனென்றால் சரியாகச் செய்வது எப்படி என்பதற்கான உதாரணத்தைக் கன்சாஸ் சிட்டியிலும் கிரீன் பேயிலும் தேட வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே இருக்கிறது.

2000ஆம் ஆண்டு டிராஃப்டில் நமக்கு முதல் சுற்றில் நான்கு வாய்ப்புகள். முதல் இரண்டில் ஷான் எல்லிஸ், ஜான் ஏப்ரஹாம் என்று எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற இரண்டு பேரை எடுத்தோம். மூன்றாவதாக, 18ஆம் இடத்தில், பென்னிங்டன். அவரை என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை! வின்னி டெஸ்டவெர்டி ஆடினார், இவர் பின்னால் நின்று பார்த்தார். 2000 முழுக்கப் பார்த்தார், 2001 முழுக்கப் பார்த்தார். 2002இல் நான்கு ஆட்டம் முடிந்து 1-3 என்று தடுமாறியபோதுதான் இறக்கினோம். இறங்கிய ஆண்டே குவார்ட்டர்பேக் தரமதிப்பீட்டில் லீகிலேயே முதலிடம், 104.2. பிரிவுப் பட்டம் நமக்கு. 2003 ஜனவரியில், கோப்பைக்கான பிளேஆஃப் நாக்அவுட் சுற்றில் பெய்ட்டன் மேனிங் ஆடிய கோல்ட்ஸை 41-0 என்று நசுக்கினோம். நாம் வாங்கிய கடைசிப் பிரிவுப் பட்டம் அதுதான். அதன் பிறகு 23 சீசன்கள் போய்விட்டன.

இப்போது 2027ஐப் பாருங்கள். போன நவம்பர் 4ஆம் தேதி சாஸ் கார்ட்னரைக் கோல்ட்ஸுக்கும், குவினன் வில்லியம்ஸை டல்லாஸுக்கும் கொடுத்தீர்கள். ஒரே நாளில் இரண்டு தூண்களைப் பிடுங்கிவிட்டீர்களே என்று அன்றைக்கு நான் திட்டியது உண்மை. ஆனால் பதிலுக்குக் கோல்ட்ஸிடமிருந்து 2026இலும் 2027இலும் ஒவ்வொரு முதல் சுற்று, டல்லாஸிடமிருந்து 2027இல் ஒன்று. நம்முடையதையும் சேர்த்தால் 2027இல் மூன்று. டெக்சாஸின் ஆர்ச் மேனிங், ஆரிகனின் டான்டே மூர் போன்றவர்கள் இந்த ஆண்டு வராமல் கல்லூரியிலேயே இருந்துவிட்டதால் அடுத்த ஆண்டுக் கூட்டம் பெரிதாக இருக்கும் என்பது எல்லோருடைய கணிப்பு. இதில் யார் தேறுவார், யார் சறுக்குவார் என்பது ஓர் இலையுதிர் காலம் போனால்தான் தெரியும். தெரிந்த பிறகு, மூன்று முதல் சுற்றைக் கையில் வைத்துக்கொண்டு பிடித்தவரை நோக்கி ஏறலாம். டார்னோல்டுக்காகச் செய்தது போல வீட்டுச் சாமானை விற்று ஏற வேண்டாம்.

இந்த ஆண்டு யார் இருக்கிறார்? இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மென்டோசா. 16-0 சீசன், கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது, தேசியப் பட்டம் எல்லாம் சேர்ந்தவர். ஆனால் முதல் இடம் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு. அவர்களுக்கும் குவார்ட்டர்பேக் வேண்டும். விற்பார்கள் என்று நினைப்பது கனவு, அப்படியே விற்றாலும் 2027இன் அந்த மூன்று முதல் சுற்றையும் கேட்பார்கள். அடுத்து அலபாமாவின் டை சிம்ப்சன். ஒரே ஒரு சீசன்தான் முதல் ஆளாக ஆடியிருக்கிறார். கெட்டிக்காரர்தான், வேறு அணிக்குப் போய் நன்றாகவும் வரலாம். ஆனால் குறைவாக ஆடிய பையனை அவசரமாக எடுத்து, அவசரமாக இறக்குவதில் நமக்கு முன் அனுபவம் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. டிரேக் மேயைப் பாருங்கள் என்பார்கள். 2024இல் பேட்ரியாட்ஸ் மூன்றாவது இடத்தில் எடுத்தார்கள், இரண்டாவது ஆண்டே சூப்பர் பவுல். எதற்கு உட்கார வைப்பது? சரி. ஆனால் அவர்கள் மேயை முதல் நாளே இறக்கவில்லை. முதல் ஐந்து ஆட்டம் ஜேக்கபி பிரிசெட்தான் அடி வாங்கினார். அடுத்த ஆண்டு டிராஃப்டில் நாலாவது இடத்தில் வில் கேம்பல் என்ற லைன் ஆளை எடுத்தார்கள். சம்பளத்தைக் கொட்டி ஆள் சேர்த்தார்கள். மைக் வ்ரேபலும் ஜாஷ் மெக்டேனியல்ஸும் பயிற்சியாளர்களாக வந்தார்கள். சேற்றைக் கலக்கிவிட்டு நாற்று நட்டார்கள். நாம் காய்ந்த தரையில் நட்டுவிட்டு, நாற்று சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம்.

நம் தரை எப்படி இருக்கிறது? முழுக்கப் பாழ் இல்லை. 2024இல் எடுத்த ஓலு ஃபஷானுவும் 2025இல் எடுத்த அர்மண்ட் மெம்பூவும் லைனின் இரு முனையிலும் இருக்கிறார்கள், இரண்டு பேரும் இளைஞர்கள். பந்தைப் பிடிக்கிற காரெட் வில்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 130 மில்லியன் கொடுத்துத் தக்கவைத்தீர்கள், நல்ல காரியம். பாவம் அந்த மனிதர். 2022இல் வந்ததிலிருந்து அவருக்குப் பந்து எறிந்தவர்கள் ஃப்ளாக்கோ, சாக் வில்சன், மைக் வைட், ராஜர்ஸ், பாயில், சீமியன், ஃபீல்ட்ஸ், டைராட் டெய்லர். பெயர் சொல்லவே மூச்சு வாங்குகிறது. ஒவ்வொருவரும் பந்தை ஒவ்வொரு வேகத்தில், ஒவ்வொரு உயரத்தில் எறிவார். பிடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழக வேண்டும்.

மறுபக்கம், தற்காப்பு. 17 ஆட்டத்தில் எதிரணி எறிந்த ஒரு பந்தைக்கூட நாம் இடைமறிக்கவில்லை. பூஜ்யம். லீக் வரலாற்றிலேயே எந்த அணியும் இதைச் செய்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன், இரண்டாவது இடத்தில் குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவர் ஒருவரை எடுங்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்வெல் ரீஸ் போன்ற ஆள். அல்லது கீழே இறங்கி இன்னும் இரண்டு வாய்ப்பு சேருங்கள். 2000இல் எல்லிஸையும் ஏப்ரஹாமையும் முதலில் எடுத்த அதே புத்தி.

அப்படியானால் செப்டம்பரில் யார் ஆடுவது? ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் அல்ல. லண்டனில் டென்வருக்கு எதிராக நடந்ததை யாரும் மறக்க மாட்டார்கள். ஒன்பது முறை விழுந்தார். எறிந்து பெற்றதில் விழுந்து இழந்ததைக் கழித்தால் மைனஸ் 10 கெஜம். ஓர் அணி முழு ஆட்டத்தையும் ஆடி, எறிதலில் தொடங்கிய இடத்துக்கும் பின்னால் போய் முடிந்தது. ஆனாலும் 13-11 என்றுதான் தோற்றோம், அதுதான் வேடிக்கை. லைன் மேல் பாதிப் பழி, பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த ஃபீல்ட்ஸ் மேல் பாதி. அவர் நல்ல மனிதர், நல்ல ஓட்டக்காரர். இந்த வேலைக்கு ஆள் அவரில்லை. இந்த ஆண்டுக்கு அவருக்கு உத்தரவாதமாகப் பேசிய 10 மில்லியன் போனது போனதுதான்.

கர்க் கசின்ஸ் போன்ற ஒருவர் ஓராண்டு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தால் பிடியுங்கள். கால் ஓடாது, ஆனால் எங்கே எறிய வேண்டும் என்று தெரியும், இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். சான் பிரான்சிஸ்கோவின் மாக் ஜோன்ஸ் போன ஆண்டு ப்ராக் பர்டிக்குப் பதிலாக ஆடி நன்றாகவே சமாளித்தார். பிந்தைய சுற்று ஒன்றுக்குத் தருவார்கள் என்றால் பேசலாம், இரண்டாம் சுற்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள். கைலர் மரே பக்கமே போகாதீர்கள். அவர் மோசம் என்பதால் அல்ல. பெரிய பெயர் வந்தால் பெரிய எதிர்பார்ப்பு வரும். எதிர்பார்ப்பு வந்தால் அக்டோபரில் பதற்றம் வரும். பதற்றத்தில் நீங்கள் எடுக்கிற முடிவுகளைத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூகி அவர்களே, கிளென் அவர்களே, உங்கள் இருவருக்கும் இதில் ஒரு சங்கடம் இருப்பது புரிகிறது. 3-14க்குப் பிறகு இன்னொரு சீசனைச் சும்மா கழித்தால் 2027இல் அந்தப் பையனை எடுக்க நீங்களே இருப்பீர்களா என்பது சந்தேகம். பொது மேலாளர்கள் குவார்ட்டர்பேக்கை அவசரப்பட்டு எடுப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். புதுப்பையன் வந்தால் இன்னும் இரண்டாண்டு தவணை கிடைக்கும். ஆகவே இந்த வேலை உண்மையில் உரிமையாளருடையது. ஜான்சன் ஐயா, இருவரையும் கூப்பிட்டு, 2027 டிராஃப்ட் உங்களுடையது, இந்த சீசன் எப்படிப் போனாலும், என்று சொல்லிவிடுங்கள். தாக்குதலை வகுக்கிற பயிற்சியாளர் (ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர்) டானர் எங்ஸ்ட்ராண்ட் ஒரே சீசனில் போய்விட்டார். அடுத்து வருகிறவராவது மூன்று ஆண்டு ஒரே பாடத்தை நடத்தட்டும். 2024 அக்டோபரில் லண்டனில் மின்னசோட்டாவிடம் தோற்று இரண்டே நாளில் ராபர்ட் சாலேயை நீக்கினீர்களே, அன்று எதிரில் ஆடி ஜெயித்தவர் யாரென்று நினைவிருக்கிறதா? டார்னோல்ட்தான்.

இன்னொன்று. போன அக்டோபரில், ஒரு வெற்றிகூட இல்லாமல் ஏழு தோல்வியில் நின்றபோது, செய்தியாளர்கள் முன்னால் உங்கள் குவார்ட்டர்பேக் ஃபீல்ட்ஸின் தரமதிப்பீட்டைச் சுட்டிக்காட்டிப் பழியை அவர்மேல் இறக்கினீர்கள். அடுத்த ஞாயிறே அவர் சின்சினாட்டியில் 39-38 என்று ஜெயித்துக் கொடுத்தார். சம்பளம் கொடுக்கிறவர் ஊர் நடுவில் நின்று வேலைக்காரரைக் குறை சொல்லும் அணிக்கு எந்த நல்ல ஆள் விரும்பி வருவார்? அடுத்தவர் வந்த பிறகாவது, அவரைப் பற்றிய பேச்சு எதுவாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

எங்களுக்கு ஜோ நேமத் வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நம் பழைய குவார்ட்டர்பேக், 1969 ஜனவரி சூப்பர் பவுலில் ஜெயிப்போம் என்று உறுதி சொல்லி, 18 புள்ளி பின்தங்குவார்கள் என்று கணிக்கப்பட்ட அணியை வைத்து பால்டிமோரை 16-7 என்று வீழ்த்தியவர். அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நேமத் ஒரு டச் டவுன்கூட எறியவில்லை. கடைசிக் கால் பகுதியில் ஒரு பந்தைக்கூட எறியவில்லை. மேட் ஸ்னெல் 121 கெஜம் ஓடினார், லைன் வழி திறந்துகொண்டே இருந்தது, தற்காப்பு நான்கு பந்தை இடைமறித்தது. அணியின் ஒரே கோப்பை அப்படி வந்தது.

ஏப்ரல் 23 இரவு குவார்ட்டர்பேக் அல்லாத ஒரு பெயரை வாசித்தால் எங்கள் ஆட்கள் கூச்சல் போடுவார்கள். 1983இல் டேன் மரினோவை விட்டுவிட்டு கென் ஓ’பிரையனை எடுத்தபோதும் போட்டார்கள், 1995இல் வாரன் சாப்பை விட்டுவிட்டுக் கைல் பிரேடியை எடுத்தபோதும் போட்டார்கள். டிராஃப்ட் நாளில் கூச்சல் போடுவது எங்களுக்குப் பண்டிகைச் சடங்கு. நானும் சேர்ந்துதான் போடுவேன். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
நியூஜெர்சியிலிருந்து ஒரு ஜெட்ஸ் ரசிகர்
பிப்ரவரி 2026